ஜமைக்கா கடையில் ஒரு மதியச் சாப்பாடும் அதற்குப் பின்னால் இருக்கும் பசியும்

கொஞ்சம் நீளமான இழை. சாப்பிட்டுவிட்டு வந்து நிதானமாகப் படியுங்கள்.

போன விடுமுறையில் கனடாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். டொராண்டோவின் கிழக்குப் புறநகரான ஸ்கார்பரோ. நம்ம தமிழ் மக்கள், குறிப்பாக ஈழத்தமிழர்கள், நிறையப் பேர் வாழும் இடம்.

அங்கே "பிளாசா" என்பார்கள். ஒரே வரிசையில் ஏழெட்டுக் கடைகள், முன்னால் கார் நிறுத்த இடம். கொத்துரொட்டி போடும் தமிழ்க்கடை ஒன்று, அதையடுத்து சலவைக்கடை, அதற்கடுத்து பச்சை மஞ்சள் கறுப்பு நிறத்தில் பெயர்ப்பலகை வைத்த ஜமைக்கா சாப்பாட்டுக் கடை.

பெரிய ஹோட்டல் எல்லாம் இல்லீங்க. நாலே நாலு மேசை. கண்ணாடிக்குப் பின்னால் ஆவி பறக்கும் தட்டுகளில் குழம்பும் சோறும். உட்கார்ந்து சாப்பிடுவோரைவிட டப்பாவில் வாங்கிக்கொண்டு போவோர்தான் அதிகம்.

நான் வாங்கியது "கறி கோட்". அதாவது ஆட்டுக்கறிக் குழம்பு. கூடவே "ரைஸ் அண்ட் பீஸ்". பேர்தான் பட்டாணி, உள்ளே இருந்தது நம்ம ராஜ்மா. தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறு.

முதல் வாய் வைத்ததும் அக்கா மகன் சொன்னான். பதினாலு வயசு அவனுக்கு.

"மாமா, இது நம்ம ஆட்டுக்கறிக் குழம்புதானே? நம்மகிட்ட இருந்து காப்பி அடிச்சிருக்காங்க!"

பில் போட்ட அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். எந்த ஊர் என்று கேட்டார். இந்தியா என்றேன். "என் பாட்டியோட அம்மாவும் இந்தியாதான். எந்த ஊருன்னு எங்க வீட்ல யாருக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டு, இன்னும் ஒரு கரண்டி குழம்பை சோற்றின் மேல் ஊற்றினார்.

மருமகனுக்கு அன்று நான் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

1845 மே 10 அன்று ஜமைக்காவின் ஓல்டு ஹார்பர் பே என்ற கரையில் "பிளண்டெல் ஹன்டர்" என்ற கப்பல் வந்து நின்றது. அதில் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக 261 பேர் வந்து இறங்கினார்கள். குழந்தைகளும் அந்தக் கணக்கில் உண்டு.

ஏன் அத்தனை தூரத்திலிருந்து ஆள் பிடித்து வர வேண்டும்? காரணம் சர்க்கரை. ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கடத்திக் கொண்டுவரப்பட்ட அடிமைகளை வைத்துத்தான் ஓடின. பிரிட்டன் 1834 இல் அடிமைமுறையை ஒழித்தது. "பயிற்சிக்காலம்" என்று ஒரு பெயர் வைத்து இன்னும் நாலு வருஷம் இழுத்து, 1838 இல்தான் முழுசாக விட்டார்கள்.

இதில் ஒரு கூத்து கேளுங்கள். அடிமைமுறை ஒழிந்ததற்கு நஷ்ட ஈடு கொடுத்தார்கள். 2 கோடி பவுண்டு. யாருக்கு? அடிமைகளை "இழந்த" முதலாளிகளுக்கு! அடிமையாக இருந்தவர்களுக்குக் காலணா இல்லை. அதற்காகப் பிரிட்டன் அரசு வாங்கிய கடன் 2015 இல்தான் அடைந்து முடிந்தது.

விடுதலை ஆனவர்கள் அதே தோட்டத்தில் அதே முதலாளியிடம் அடிமாட்டுக் கூலிக்கு நிற்க விரும்பவில்லை. அப்போதுதான் கண்ணில் பட்டது இந்தியா.

பெரும்பாலானவர்கள் இன்றைய பீகார், உத்தரப் பிரதேசப் பகுதிகளிலிருந்து கல்கத்தா வழியாகப் போனவர்கள். தொடக்க வருஷங்களில் நம்ம சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் போயின. 1910கள் வரை மொத்தம் சுமார் 36,000 பேர். பெரும்பாலோர் ஊர் திரும்பவே இல்லை.

கூலி ஒரு நாளைக்கு ஆண்களுக்கு ஒரு ஷில்லிங். வாரத்துக்கு ஐந்து அல்லது ஆறு நாள் வேலை. ஆக ஐந்து அல்லது ஆறு ஷில்லிங்.

அதிலிருந்து வாரம் இரண்டரை ஷில்லிங் சாப்பாட்டுக்குப் பிடித்துக்கொள்வார்கள். கிட்டத்தட்ட பாதி. அந்தப் படியில் என்ன கொடுத்தார்கள் தெரியுமா? அரிசி, மாவு, பயறு, மசாலா, அப்புறம் கருவாடு அல்லது ஆட்டுக்கறி.

என் தட்டில் இருந்த குழம்பின் பிறப்புச் சான்றிதழ் அந்தப் பட்டியல்தான்.

அந்த ஆட்டுக்கறியை அவர்கள் தங்களுக்குத் தெரிந்த மாதிரி சமைத்தார்கள். பக்கத்துக் குடிசையில் இருந்த ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் அதைச் சாப்பிட்டார்கள், பிடித்துப்போய்த் தாங்களும் சமைத்தார்கள், தங்கள் கைப்பக்குவத்தை அதில் சேர்த்தார்கள்.

அதனால்தான் அது நம்ம குழம்பு மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. மஞ்சள் தூக்கலான கறிப்பொடி. அதை எண்ணெயில் போட்டு நன்றாகக் கருக விடுவார்கள். காரத்துக்கு மிளகாய்த்தூள் கிடையாது, ஸ்காட்ச் பானெட் என்ற குண்டு மிளகாய். தைம் இலை. பிமென்டோ, அதாவது ஆல்ஸ்பைஸ். இது அந்தத் தீவின் சொந்த மரம்.

ஒப்பந்தக் கூலியின் படி, பிறகு ஜமைக்காவின் விருந்துச் சாப்பாடாகிவிட்டது. கல்யாணம் என்றாலும் கறி கோட், துக்க வீட்டில் ஒன்பதாம் இரவு என்றாலும் கறி கோட். ஆட்டுத்தலை, குடல் போட்டு ஒரு சூப்பும் உண்டு. நம்ம ஊர்க்காரர்களுக்கு விளக்கவே தேவையில்லை.

(ஒரு இடைச்செருகல். அங்கே இந்தியர்களைக் "கூலி" என்றே அழைத்தார்கள். இப்போது அது வசைச்சொல், ஜமைக்காக்காரர் யாரையும் பார்த்துச் சொல்லிவிடாதீர்கள். ஆனால் நம்ம இலந்தைப்பழத்துக்கு அங்கே இன்றும் "கூலி பிளம்" என்றுதான் பேர்.)

சரி, காப்பி அடித்தார்களா? இல்லை. வயிற்றுக்காகக் கப்பல் ஏறியவன் கையில் இருந்ததை, அவனுக்கு முன்னால் சங்கிலியோடு கப்பல் ஏற்றப்பட்டவன் பகிர்ந்து சாப்பிட்டான். அவ்வளவுதான்.

இது ஆட்டுக்கறியோடு முடியவில்லை. சுவரில் இருந்த மெனுவில் பாதிக்கு மேல் இதே கதைதான். மேலே முதல் வரியில் இருந்தது ஜமைக்காவின் தேசிய உணவு: "ஆக்கி அண்ட் சால்ட்ஃபிஷ்".

சால்ட்ஃபிஷ் என்றால் கருவாடு. காட் என்ற மீனை உப்புப் போட்டுக் காயவைத்தது. ஜமைக்காவைச் சுற்றி எங்கு பார்த்தாலும் கடல், ஆனால் இந்த மீன் அந்தக் கடலில் கிடையாது. ஆயிரக்கணக்கான மைல் வடக்கே, குளிர்ந்த அட்லாண்டிக்கில், இன்றைய கனடாவின் நியூஃபவுண்ட்லேண்ட் பக்கம் பிடிபடுவது.

அங்கே கருவாட்டைத் தரம் பிரிப்பார்கள். நல்லது ஐரோப்பாவுக்கு. உடைந்தது, சரியாகக் காயாதது, கடைசித் தரம். அந்தத் தரத்துக்கு வைத்த பெயரே "வெஸ்ட் இந்தியா". அடிமைகளுக்குப் போடுவதற்கென்றே ஒரு தரம்! பதிலுக்குத் தெற்கிலிருந்து வடக்கே ரம்மும் கரும்புப்பாகும் போகும்.

அடிமைக்குப் புரதம் கொடுக்க வேண்டும், அதற்கு மேல் ஒரு பைசா செலவாகக் கூடாது. இதுதான் கணக்கு. மீதிச் சாப்பாட்டை அவர்களே விளைவித்துக்கொள்ள வேண்டும். மலைச்சரிவில் கொஞ்சம் நிலம் தருவார்கள். வாரம் முழுக்கக் கரும்பு வெட்டிவிட்டு, கிடைத்த நேரத்தில் கிழங்கும் வாழையும் போட்டுப் பிழைக்க வேண்டும்.

புயல் வந்தால்? 1780களில் அடுத்தடுத்துப் புயல்கள் அடித்தன. அமெரிக்கச் சுதந்திரப் போரால் அங்கிருந்து வந்துகொண்டிருந்த உணவும் நின்றது. அடிமைகள் ஆயிரக்கணக்கில் பட்டினியால் செத்தார்கள்.

தோட்ட முதலாளிகள் அதற்குக் கண்டுபிடித்த தீர்வு, ஒரு மரம். சீமைப்பலா. ஈழத்தில் ஈரப்பலா என்பார்கள். பசிபிக் தீவான தஹிதியில் இது சோறு மாதிரி. ஒரு தடவை நட்டால் வருஷக்கணக்கில் காய்க்கும். செலவில்லாத தீனி.

அதைக் கொண்டுவரத்தான் கேப்டன் வில்லியம் பிளை "பவுன்டி" கப்பலில் போனார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கன்றுகளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது 1789 இல் மாலுமிகள் கலகம் செய்து, அவரைப் படகில் இறக்கிவிட்டு, கன்றுகளைக் கடலில் வீசினார்கள். ஹாலிவுட் இதைப் பல தடவை படமாக எடுத்துவிட்டது. அந்தக் கப்பல் எதற்காகப் போனது என்பதுதான் பலருக்கு மறந்துபோச்சு.

மனுஷன் விடவில்லை. மறுபடி போய், 1793 இல் கன்றுகளோடு ஜமைக்கா வந்து சேர்ந்தார். இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்ததை அடிமைகள் முதலில் சீந்தவே இல்லை! பிறகு பல வருஷம் கழித்துத்தான் ருசி பிடித்தது. இப்போது தணலில் சுட்ட சீமைப்பலா இல்லாமல் அங்கே காலைச் சாப்பாடு இல்லை.

இனி நான் மருத்துவனாகப் பேச வேண்டிய இடம். ஆக்கி.

ஆக்கி ஒரு பழம். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பலில் 1778 வாக்கில் ஜமைக்கா வந்தது. சிவப்புத் தோல், உள்ளே கறுப்பு விதை, வெளிர் மஞ்சள் சதை. அந்தச் சதையைத்தான் சமைக்கிறார்கள். இதன் அறிவியல் பெயர் "பிளைகியா சாபிடா". ஆமாம், அதே கேப்டன் பிளை. இங்கிலாந்தின் கியூ தோட்டத்துக்கு இதைக் கொண்டுபோய்க் கொடுத்ததால் அவர் பேர் ஒட்டிக்கொண்டது.

இந்தப் பழத்துக்கு ஒரு கட்டாய விதி இருக்கிறது. அது மரத்திலேயே தானாக வாய் பிளக்கும் வரை தொடக்கூடாது. காயாக இருக்கும்போது அதில் ஹைப்போகிளைசின் என்ற நச்சு நிறைய இருக்கும். பழுத்து வெடித்ததும் சதையில் அது மிகவும் குறைந்துவிடும். விதையில் அப்போதும் இருக்கும்.

காயைச் சாப்பிட்டால் என்ன ஆகும்? நாம் சாப்பிடாமல் இருக்கும்போது, முதலில் கல்லீரலில் சேமித்த சர்க்கரையை உடல் செலவழிக்கும். அது தீர்ந்ததும் கொழுப்பை எரித்துச் சமாளிக்கும், புதிதாகக் கொஞ்சம் சர்க்கரையும் தயாரிக்கும். இந்த நச்சு அந்த இரண்டாவது வழியை அடைத்துவிடுகிறது.

நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த குழந்தைக்குக் கல்லீரலில் கையிருப்பு இருக்கும். ஏற்கெனவே வற்றிப்போன குழந்தைக்கு? முதல் வழியில் ஒன்றும் இல்லை, இரண்டாவது வழி அடைபட்டுவிட்டது. ரத்தச் சர்க்கரை சட்டெனச் சரியும். வாந்தி, வலிப்பு, மயக்கம். ஒரே நாளில் மரணம்கூட நேரும்.

ஜமைக்காவில் இதை "வாந்தி நோய்" என்றே அழைத்தார்கள். குளிர்மாதங்களில், ஏழை வீட்டுக் குழந்தைகளை வரிசையாகக் கொண்டுபோனது. தொற்றுநோய் என்றுதான் ரொம்ப காலம் நினைத்தார்கள். ஸ்காட் என்ற அரசு மருத்துவர் 1910களில் ஆக்கிக்காயைச் சந்தேகித்தார். 1950களில்தான் ஜமைக்காவின் பல்கலைக்கழகக் கல்லூரியில் அந்த நச்சைப் பிரித்தெடுத்தார்கள்.

"சரி டாக்டர், எங்கேயோ ஜமைக்காவில் நடந்தது, நமக்கென்ன?" என்கிறீர்களா?

பீகாரின் முசாஃபர்பூர் நினைவிருக்கிறதா? வருஷாவருஷம் மே, ஜூனில், லிச்சிப் பழக் காலத்தில், விடிகாலையில் குழந்தைகள் வலிப்போடு மருத்துவமனைக்கு வந்து செத்துக்கொண்டிருந்தார்கள். மூளைக்காய்ச்சல், வைரஸ் என்றெல்லாம் தேடினார்கள்.

லிச்சியும் ஆக்கியும் ஒரே தாவரக் குடும்பம். லிச்சியிலும் அதே வகை நச்சு உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய நம்ம டாக்டர் ஜேக்கப் ஜான், முகுல் தாஸ் என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து, இது கிருமியாக இருக்காது, லிச்சியில் இருக்கும் நச்சாக இருக்கலாம் என்று எழுதினார்.

2014 இல் அங்கே இரண்டு மருத்துவமனைகளில் 390 குழந்தைகளை ஆராய்ந்தார்கள். அதில் 122 பேர் இறந்துபோனார்கள். ஆய்வு 2017 இல் வெளியானது. பகலெல்லாம் தோப்பில் லிச்சி தின்றுவிட்டு, ராத்திரி சாப்பிடாமல் படுத்த குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம் என்று தெரிந்தது.

பக்கத்து வீட்டுக் குழந்தையும் அதே லிச்சியைத்தான் தின்றிருக்கும். ராத்திரி சாப்பிட்டிருக்கும், அதனால் பிழைத்திருக்கும். பழம் கொல்வதற்கு முன்னாலேயே பசி பாதி வேலையை முடித்து வைத்திருக்கிறது.

எங்கள் அவசரப் பிரிவில் ஜூனியர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். குழந்தை வலிப்போடு வந்தால், ஸ்கேனுக்கு எழுதும் முன்னால் விரலில் குத்திச் சர்க்கரை பார். சில ரூபாய் செலவில் முடியும் டெஸ்ட். குறைந்திருந்தால் குளுக்கோஸ் ஏற்று. சில சமயம் உயிர் அந்த ரெண்டு நிமிஷத்தில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எம்.பி.பி.எஸ். படித்த எல்லோரும் "வாட்டர்லோ வகைப்பாடு" என்று மனப்பாடம் செய்திருப்போம். குழந்தையின் ஊட்டக்குறைவை உயரத்தையும் எடையையும் வைத்துப் பிரிப்பது. அந்த ஜான் வாட்டர்லோ ஊட்டக்குறைவு ஆராய்ச்சிப் பிரிவை 1950களில் தொடங்கியது ஜமைக்காவில்தான். பரீட்சைக்குப் படித்தபோது எனக்கு இது தெரியாது. வற்றிப்போன குழந்தையை எப்படிப் படிப்படியாக ஊட்டித் தேற்றுவது என்பதில் உலகம் கற்றதில் பெரும்பங்கு அந்தத் தீவின் வார்டுகளிலிருந்து வந்தது. சர்க்கரை விளைவித்த தீவு!

கடைக்குத் திரும்புவோம், குழம்பு ஆறிவிடும்.

மெனுவில் "ஜெர்க் சிக்கன்" பற்றி எழுதாவிட்டால் கோபித்துக்கொள்வீர்கள். 1655 இல் ஆங்கிலேயர் ஜமைக்காவை ஸ்பெயினிடமிருந்து பிடித்த குழப்பத்தில் பல அடிமைகள் மலைக்குள் தப்பினார்கள். மரூன் என்று பெயர். காட்டுப்பன்றி பிடித்து, மசாலா தடவி, பிமென்டோ விறகில் வாட்டிய அவர்களின் பக்குவம்தான் ஜெர்க். மெனுவில் முதலாளி படியளக்காத சாப்பாடு அது ஒன்றுதான் என்பேன். 1739 இல் ஆங்கிலேயரே இறங்கிவந்து அவர்களோடு ஒப்பந்தம் போட வேண்டியதாயிற்று.

"காலலூ" என்று ஒரு கீரை இருந்தது. பெரிய மர்மம் ஒன்றும் இல்லை, நம்ம குப்பைக்கீரை, தண்டுக்கீரை வகைதான். வதக்கி வைத்திருந்தார்கள். நன்றாக இருந்தது.

இந்தச் சாப்பாடெல்லாம் டொராண்டோ புறநகருக்கு எப்படி வந்தது? 1955 இல் கனடா ஒரு திட்டம் போட்டது. ஜமைக்கா, பார்படோஸ் தீவுகளிலிருந்து இளம்பெண்களை வீட்டுவேலைக்கு எடுப்பது. பலர் ஆசிரியை, கிளார்க் வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். ஒரு வருஷம் பாத்திரம் தேய்த்தால் நிரந்தரமாகத் தங்கலாம், பிறகு குடும்பத்தைக் கூப்பிடலாம். 1967 இல் குடியேற்ற விதிகள் மாறி, இன ஒதுக்கல் சட்டத்திலிருந்து விலகியதும் வரவு கூடியது.

முதலில் நகரத்துக்குள் எக்லின்டன் தெருப் பக்கம். பிறகு வாடகை ஏற ஏற, ஸ்கார்பரோ, பிராம்ப்டன் என்று வெளியே. 1983 க்குப் பிறகு ஈழத்திலிருந்து தப்பி வந்தவர்களுக்கும் அதே வாடகைக் கணக்குதான். ரெண்டு கடையும் ஒரே பிளாசாவில் இருப்பது இப்படித்தான்.

அங்கே வந்தும் நிம்மதியாகச் சாப்பிட விட்டார்களா? 1985 இல் டொராண்டோவில் "பேட்டி" விற்றவர்களுக்கு அரசு அதிகாரிகளிடமிருந்து நெருக்கடி. பேட்டி என்பது காரக்கறி அடைத்த மஞ்சள் நிற பேஸ்ட்ரி. கனடாச் சட்டப்படி "பீஃப் பேட்டி" என்றால் பர்கருக்குள் வைக்கும் கறிவடைதான், நீங்கள் அந்தப் பேரை வைக்கக்கூடாது என்றார்கள். கடைக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் "ஜமைக்கன் பேட்டி" என்று விற்கலாம் என முடிவானது. இன்று டொராண்டோ மெட்ரோ ஸ்டேஷனில்கூட அது கிடைக்கிறது.

கருவாட்டுக்கும் ஒரு பின்கதை உண்டு. அளவில்லாமல் பிடித்துப் பிடித்து, 1992 இல் நியூஃபவுண்ட்லேண்டின் காட் மீன்பிடியையே கனடா நிறுத்த வேண்டியதாயிற்று. அடிமைக்கென்று ஒதுக்கிய கழிவு மீன் இன்று விலையைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் கேட்டுவிட்டு மருமகன், "அப்போ ஆக்கி சாப்பிடலாமா, கூடாதா?" என்றான். கேட்க வேண்டிய கேள்விதான். அமெரிக்காவில் 1973 முதல் 2000 வரை ஆக்கி இறக்குமதிக்குத் தடை இருந்தது. இப்போது நச்சின் அளவைக் கட்டுப்படுத்தும் ஆலைகளிலிருந்து டின்னில் வருகிறது. சாப்பிடலாம்.

அன்று ஆக்கி இல்லை. சனி, ஞாயிறு காலையில் மட்டும்தான் போடுவோம் என்றார் அந்த அம்மா. சனிக்கிழமை எட்டரை மணிக்கே போய் நின்றோம்.

பார்க்க முட்டைப் பொரிமாஸ் மாதிரி இருந்தது. கருவாட்டு உப்பு, வெங்காயம், மிளகு. கூட ரெண்டு துண்டு சுட்ட சீமைப்பலா. மருமகன் சந்தேகத்தோடு ஒரு வாய் எடுத்தான், பிறகு என் தட்டிலிருந்ததையும் எடுத்தான். பழம் வாய் பிளந்த பிறகுதானே பறிப்பார்கள் என்று நான் கேட்டதற்கு அந்த அம்மா அடுப்படிக்குள் போய், காலி டின் ஒன்றை எடுத்துவந்து மேசையில் வைத்துவிட்டு, "நீ டாக்டரா?" என்றார்.